சீரியல் எங்கள் வீட்டுக்கே வந்தது

செவ்வாய்க்கிழமை இரவு, புத்தூர்.

கேபிளை நான் நிறுத்தியதிலிருந்து, என் மனைவி கற்பகம் சீரியல் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மூவுலகமும் என்னைப் பார்த்துச் சிரித்தது. இன்று என் செல்போன் நெட்டை டிவிக்குக் கொடுத்தேன். ஜன்னலோரம் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால்தான் படம் நிற்காமல் ஓடியது. அண்டத்தையே தாங்குகிறவன்போல் அரை மணி நேரம் நின்றேன்.

"கை நோவுதா?" என்றாள்.

"இன்னும் நூறு வருசம் நிப்பேன்."

"அப்போ ஆடாம நின்னுக்கினு இரு. அடுத்த சீரியலும் பாத்துடறேன்."

பக்கத்து வீட்டம்மா வாசலில் வந்து கூப்பிட்டாள்.

"வரலக்கா. எங்க வூட்லயே வருது" என்றாள் கற்பகம்.

அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு தோளும் கழன்று விழலாம். இந்த டைரியை எழுதப் பேனா பிடிக்கத்தான் விரல் மடங்க மறுக்கிறது.