ஆற்றில் அரை மணி நேரம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்களும் மகள் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இந்தக் கடிதம் எழுதுவது இவருக்குத் தெரியாது. நம் கண்ணாடிக் கடையில், கண் பார்க்கும் சின்ன அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்பக்கம் இவர் ஒரு அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிச் சட்டம் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா லேசில் முடிவுக்கு வருகிற ஆள் இல்லை. அதனால் எனக்கு நேரம் இருக்கிறது.

எட்டு மாதமாக இவர் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதற்குக் காரணம் நான் என்பது நம் இருவருக்கும் தெரியும், இவருக்குத் தெரியாது. "வாத்திக்கு என்னை இப்படிப் பாக்க மனசு வரல போல" என்று உங்களைச் சொல்லிவிட்டு போனைக் கவிழ்த்து வைக்கிறார். இந்த மாதக் கடைசியோடு மீன் பிடிக்கும் பருவம் முடிகிறது. அதற்குள் நீங்கள் இங்கே வர வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். மற்றதைக் கோபப்படாமல் படியுங்கள்.

இவர் உடம்பைப் பற்றிச் சொல்கிறேன். வலது கை இன்னும் சும்மாதான் தொங்குகிறது. கால் பரவாயில்லை, தடி ஊன்றி நடக்கிறார். பேச்சு குழறுகிறது, ஆனால் என்னைத் திட்டும்போது மட்டும் அட்சர சுத்தமாக வருகிறது. மூன்று மாதமாகக் கொல்லைப்பக்கம் நின்று இடது கையால் தூண்டில் வீசிப் பழகுகிறார். துணி காயப்போடும் கொடியில் நூல் சிக்காத நாள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, இன்று எத்தனை சட்டை பிடித்தீர்கள் என்று கேட்கிறார்.

தூண்டிலில் இரையாக மாட்டும் பொய்ப்பூச்சி கட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போடுகிற இடுக்கியையும் பூதக்கண்ணாடி விளக்கையும் வைத்துக்கொண்டு, கடுகளவு கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றினேன். முதல் பூச்சியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மீன் வராது, பல்லிதான் வரும்" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

உங்கள் இரண்டு பேருடைய இந்தப் பைத்தியம் எனக்கு என்றுமே பிடிபட்டதில்லை. விடியுமுன் எழுந்து போய், பகல் முழுக்க முழங்கால் தேய, ஒரு பழுப்பு ட்ரவுட் மீனைப் பிடித்து, அதையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வருவீர்கள். கொக்கு தலையில் வெண்ணெய் வைத்த கதை என்று நான் கேலி செய்யப்போய், நீங்கள் இவருக்கே கொக்கு என்று பெயர் வைத்துவிட்டீர்கள். ஆனால் உங்கள் சட்டங்கள் எனக்கு மனப்பாடம். தண்ணீர் தெளிவாக இருந்தால் மீனுக்கும் நாம் தெளிவாகத் தெரிவோம். அது ஓட்டத்தை எதிர்த்துப் பார்த்து நிற்கும், ஆகவே பின்னாலிருந்துதான் நெருங்க வேண்டும். காலடி அதிர்ந்தால் போச்சு, நிழல் விழுந்தால் போச்சு. ஒருவர் மண்டியிட்டு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால், மற்றவர் தள்ளி நின்று, அவராகத் திரும்பும்வரை அசையவே கூடாது. "பேச்சு தண்ணிக்குள்ள போகாதும்மா. ஆனா பேசறவன் கைய ஆட்டாம இருக்க மாட்டான்" என்று நீங்கள்தான் ஒருநாள் எனக்கு விளக்கினீர்கள்.

இவருக்குக் கை விழுந்த அன்றைக்கும் நீங்கள் அப்படித்தான் நின்றீர்கள். இவர் மண்டியிட்டு, தூண்டில் கோலைத் தொடைமேல் வைத்து, தலை குனிந்து இருந்தார். எதிரே பெரிய மீன் இருக்கிறது என்று நினைத்தீர்கள். பக்கவாதம் என்று யாருக்குத் தோன்றும்? எவ்வளவு நேரம் ஆனது என்று டாக்டர் கேட்டபோது, வேறொருவராக இருந்தால் ஐந்து நிமிடம் என்று சொல்லித் தப்பித்திருப்பார். நீங்கள் கணக்கு வாத்தியார். அரை மணி நேரம் என்று சரியாகச் சொன்னீர்கள். அத்தனை பேர் இருந்த அந்த வராந்தாவில் நான் கத்தினேன்: "அரை மணி நேரம் வேடிக்கையா பாத்துக்கிட்டு நின்னீங்க?"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். இவருடைய ஈரச் செருப்பை என் காலடியில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இவரை ஆற்றுக்குக் கூட்டிப் போனேன். என்னைவிட்டால் யார் போவது? வளைவுக்குக் கீழே உள்ள மடுவில், கூழாங்கல்லை எண்ணலாம் போலத் தண்ணீர். கரைப் புல்லின் நிழலில் ஒரு மீன், என் முழங்கை நீளம் இருக்கும், வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது. இவர் தடியைப் போட்டுவிட்டு மெல்ல மண்டியிட்டார். என்னை இருபதடி தள்ளி நிற்கச் சொன்னார். முதல் வீச்சு புல்லில் மாட்டியது. இரண்டாவது சரியாக விழுந்தது. அந்த மீன் நான் கட்டிய பூச்சியின் அருகே எழுந்து வந்து, மூக்கால் தொடாத குறையாகப் பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே போய்விட்டது. இவ்வளவு பெரிய அவமானத்தை நான் பட்டதே இல்லை.

அதன் பிறகு இவர் அசையவில்லை. அடுத்த வீச்சுக்குக் காத்திருக்கிறார் என்று நானும் அசையவில்லை. கொசு கடித்தது, அடிக்கவில்லை. தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டேன். இப்போது ஓர் அடி வைத்தால் மீன் ஓடிவிடும், எட்டு மாதத்துக்குப் பிறகு இவருக்குக் கிடைத்த ஒன்றை நான் கெடுத்துவிடுவேன் என்ற ஒரே நினைப்புதான். கடைசியில் இவர் இடது கையைத் தூக்கி, "கால் மரத்துப்போச்சு. தூக்கி விடு" என்றார். எழ முடியாமல் ரொம்ப நேரமாகவே இருந்திருக்கிறார். மீன் நிற்கிறதே என்று கூப்பிடவில்லையாம்.

கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

அண்ணா, இவருக்கு என்ன வியாதி என்று தெரிந்தவள் நான். இவரைப் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு வேலை. அப்படிப்பட்ட நானே நின்றேன். தூக்கி விடப் போன இடத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்து அழுதேன். மீன் போனதற்காக அழுகிறேன் என்று நினைத்து இவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

சீக்கிரம் வந்திருந்தால் கை பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் மறுபடியும் கேட்டேன். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் இருந்திருக்கலாம் என்றார். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் நான் உங்களைக் கேட்ட கேள்வி தப்பு. அந்த வராந்தாவில் இருந்த அத்தனை பேரையும் தேடிப் பிடித்துச் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள். நான் என்ன கேட்டேன் என்பதை இவரிடமும் நீங்கள் வருவதற்குள் நானே சொல்லிவிடுவேன்.

ஒரே கையில் கோலும் வலையும் பிடிக்க முடியாது. வலை பிடிக்க ஆள் வேண்டும் என்று எழுதினால் வருவீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அது சாக்கு. உண்மையை எழுதிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் இவர் கால் உதறிக்கொண்டிருந்தபோது, எட்டு மாதம் முன்பு கை விழுந்த அந்த நேரத்தில் பயந்தீர்களா என்று இவரைக் கேட்டேன். இத்தனை மாதம் கேட்கத் துணிவில்லாத கேள்வி. இவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "கையும் வரல, வாயும் வரல. ஆனா வாத்தி பின்னாடி நிக்கிறான்னு தெரியும். அதனால பயமா இல்ல."

வாருங்கள், அண்ணா.

இப்படிக்கு,
வாய் நீண்ட உங்கள் தங்கை