ரப்பர் நாய்க்கு இன்னொரு உயிர்

மார்ச் 3

தங்கச்சி போன் செய்தாள். "அக்கா, சில்வண்டு நேரத்துக்குத் தூங்குறாளா? பரீட்சை வருதே." சில்வண்டு அவள் மகள். வாய் ஓயாது என்று என் மகள் வைத்த பெயர். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மாட்டு டாக்டர் படிப்பில் சேர்ந்தார்கள், என் வீட்டிலிருந்தே போனார்கள். போன வருஷம் மூளைக்காய்ச்சலில் என் மகள் போய்விட்டாள். இவள் மட்டும் தினமும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள்.

தூங்குகிறாள் என்றேன். கொடுத்து வைத்தவள் என் தங்கச்சி.

மார்ச் 5

மயக்க மருந்து கொடுக்கிற பரீட்சையாம். நிஜ நாய் இல்லை, ரப்பர் நாய். மூச்சு விடும், நாடி துடிக்கும். வாத்தியார் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து அதன் இதயத் துடிப்பைக் கம்ப்யூட்டரில் கூட்டுவார், குறைப்பார். இவர்கள் சமாளிக்க வேண்டும்.

"நிஜ நாய்கிட்ட தப்பு பண்ணிடக் கூடாதுல்ல பெரியம்மா? அதான் இதுகிட்ட."

நாய்க்குக்கூட இப்படி யோசிக்கிறார்கள்.

மார்ச் 8

வீட்டில் ஒத்திகை. தலையணைதான் நாய். என் மகளின் தலையணை. "பெரியம்மா, நீங்கதான் எங்க வாத்தியார் சார். எனக்குக் கஷ்டம் குடுங்க" என்றாள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் செய்ய வேண்டுமாம்.

"கசிவு பாக்க, மயக்க மெஷின்ல காத்து வெளிய போற திருகை மூடுறேன். பையில காத்து நிக்குது. திருகைத் திறக்குறேன்."

"திறக்கலன்னா?"

"காத்து வெளிய போகாது. நுரையீரல் ஊதி இதயத்தை நெரிச்சிடும்."

"செத்துடுச்சு" என்றேன்.

"ஐயோ பெரியம்மா, நான் இன்னும் ஊசியே போடல!" விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. இவள் தேறக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன், இனி அடித்து அழிக்கப் போவதில்லை.

மார்ச் 9

போனில் இதய மெஷின் சத்தத்தைப் பீப் பீப் என்று வைத்துப் படிக்கிறாள். ஆஸ்பத்திரிச் சத்தம். நிறுத்துடீ என்று கத்தினேன். நிறுத்தினாள்.

மார்ச் 12

தோற்றுவிட்டாள். திருகை மூடினவள் திறக்கவில்லை. ரப்பர் நாய் செத்துப்போனது.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சீ, என்ன பொம்பளை நான்.

மார்ச் 13

சார் ஒரு பொத்தானை அமுக்கினாராம். அடுத்த பிள்ளை உள்ளே போவதற்குள் நாய் மறுபடி மூச்சு விட ஆரம்பித்துவிட்டதாம்.

ஒரே ஒரு பொத்தான். ரப்பருக்கு இருக்கு — என் வயித்துல பொறந்ததுக்கு இல்ல. பொம்மையைப் பாத்து வயிறு எரியிற நிலைமைக்கு வந்துட்டேனே.

மார்ச் 16

மறுபரீட்சைக்குப் பெயர் கொடுக்க மாட்டேன் என்கிறாள். தங்கச்சியும், "படிச்சது போதும், வந்துடட்டும் அக்கா" என்றாள். வரட்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சில்வண்டு பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை.

"எப்படிடீ மறந்தே?"

"மறந்தேன். ஆனா உடனே தெரிஞ்சிடுச்சு பெரியம்மா. அப்பவே திறந்திருந்தா பிழைச்சிருக்கும். திரையில இதயக் கோடு படுக்க ஆரம்பிச்சுது... அக்காவுக்குப் படுத்த மாதிரியே. திருகு கண்ணு முன்னாடி இருக்கு. கை போகல."

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இவள்தான். என் மகளின் கடைசி மூச்சு இவளுக்குக் கிடைத்ததே என்று அதற்கும் பொறாமைப்பட்டவள் நான். இவள் எதைப் பார்த்தாள் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

துணியை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தேன். தங்கச்சியிடம், "பரீட்சையை முடிச்சுட்டுத்தான் வருவா. நீ சும்மா இரு" என்றேன்.

மார்ச் 20

மறுபடி தலையணை. "இதயத் துடிப்பு குறையுது" என்றேன். அவள் கை அப்படியே நின்றது. "கோடு படுக்குது." இரண்டு பேரும் அழுதோம். அவசரப்படுத்தவில்லை.

"திருகைத் திறக்குறேன்" என்றாள்.

"ஏறுது" என்றேன். நல்லா ஏறுது.

ஏப்ரல் 2

தேறிவிட்டாள்.

நான் வேலை பார்க்கிற லாண்டரியில் விரிப்பு மடிக்கும்போதும் போன் இடுப்பிலேயே இருந்தது. வந்தது — தங்கச்சியிடமிருந்து. "அக்கா, என் பொண்ணு பாஸ்!" முதல் போன் அவளுக்குப் போயிருக்கிறது. பெத்தவளாம். தினமும் தலையணையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது யாரு?

சாயங்காலம் சில்வண்டு வந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை.

"உங்களுக்கு நேர்ல சொல்லலாம்னுதான் பெரியம்மா..."

"உங்கம்மா சொல்லிட்டா. போ."

"பொறாமையா?"

"ஆமாண்டீ."

அடுத்த வாரம் நிஜ நாயாம். அது கண் முழித்ததும் முதல் போன் எனக்குத்தான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.