சிவந்து வந்த தண்ணீர்

சந்தனமரி, என் கண்ணே,

நீ போன பிறகு ஆடிக்காற்றும் வந்துவிட்டது. இப்போதுதான் உனக்கு எழுத உட்காருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. பேனாவை எடுத்தால் கோமு மடியில் ஏறிவிடுகிறாள். ஏறினால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறேன். வயிற்றை அமுக்கிப் பார்க்கிறேன். அவளுக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் கை அது பாட்டுக்குப் போகிறது. எழுத்து நின்றுவிடுகிறது.

இனித் தள்ளிப்போட முடியாது. வருகிற வாரம் பாளையங்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டும். உன்னைக் கொன்றவர் கூண்டில் நிற்பார். அவர் என் மாமனாரின் கூடப்பிறந்த தம்பி. நான் சின்ன மாமா என்று கூப்பிடுகிறவர்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. வேறு கண்களும் படிக்கப் போகின்றன. ஏன் என்று முடிவில் சொல்கிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

கார்த்திகையில் தாமிரபரணி கரையை உடைத்துக்கொண்டு எங்கள் ஊருக்குள் புகுந்தது. தொழுவத்தில் கட்டிக் கிடந்த மாடுகள் கயிற்றோடு கதறியே செத்தன. எங்கள் மேலத்தெருவும் சேரியும் ஒரே பொத்தையில் ஏறின. அந்தக் கல்குன்றை விட்டால் வேறு மேடு கிடையாது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். குடிக்க ஒரு மிடறு இல்லை. ஊதிய பிணங்கள் மிதக்கிற அந்த வெள்ளத்தையே மொண்டு குடித்தோம். வாந்திபேதி வந்தது. பாறையில் குழி தோண்ட முடியாது. செத்தவர்களை வெள்ளத்தில் தள்ளினார்கள். மறுநாள் அதே இடத்தில் குடம் முக்கினார்கள்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து சிவப்பு மருந்துப் புட்டிகளோடு நீ வள்ளத்தில் வந்து இறங்கினாய். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். எப்.ஏ. முடித்ததும் நான் தாலிக்குக் கழுத்தை நீட்டினேன், நீ நர்ஸாகப் போனாய். என்னைக் கண்டதும் கட்டிப்பிடிப்பாய் என்று நினைத்தேன். நீ என் கையிலிருந்த செம்பைத் தட்டிவிட்டாய்.

“ஏட்டி, படிச்சவதானா நீ? இந்தத் தண்ணியவா பிள்ளைக்குக் குடுக்கே?”

“வேற எங்கன போவச் சொல்லுதே? வானத்துக்கா?” என்று நானும் கத்தினேன்.

நீ வானத்துக்குத்தான் போனாய். பொத்தையின் உச்சியில் முள் மூடிக் கிடந்த பழைய தோட்டக் கிணற்றைக் கண்டுபிடித்துக்கொண்டு முழங்காலெல்லாம் ரத்தமாக இறங்கி வந்தாய். வெள்ளம் தொடாத கிணறு. ஆனால் வழுக்குப் பாறை. பேதியில் சுருண்டு கிடக்கிறவர்கள் எப்படிக் குடத்தோடு ஏறி இறங்குவார்கள் என்று ஆண்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். “சனம் ஏற வேண்டாம். தண்ணி எறங்கட்டும்” என்றாய்.

அப்புறம் யாரையும் உட்கார விட்டாயா நீ? கிணற்றில் நீர் இறைக்கக் கமலை கட்டி, பிழைத்திருந்த ஒரு சோடி மாட்டை அதில் பூட்டினாய். தண்ணீர் மொள்ளும் தோல்பையைச் சேரிச் சுடலை தைத்தான். புயலில் விழுந்த பனைகளைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றைக் குடைந்து, தண்ணீர் ஓடும் தோணிகளாக்கி, ஒன்றின் வாயில் ஒன்றாகச் சரிவு நெடுக இறக்கினீர்கள். இணைப்பில் ஒழுகியது. வள்ளக்காரர்களிடம் தார் மாதிரியான கீலும் பஞ்சும் வாங்கி, உன் அப்பா கடற்கரையில் வள்ளத்துக்கு அடைக்கிற மாதிரியே அடைத்தாய். தோணிக்குள் யாரும் குடத்தை முக்கக்கூடாது என்று அங்கங்கே துளை போட்டு மரத்தக்கை செருகினாய். மேலே தோணி தொடங்குகிற இடத்தில், கிணற்றடியில், ஒரு கல்தொட்டி. தினமும் காலையில் முதல் இறைப்பில் நீயே அதில் மருந்தைக் கலப்பாய். தண்ணீர் இளஞ்சிவப்பாக இறங்கி வரும். துவர்ப்பாக இருக்கும்.

“கல்யாண வீட்டுப் பன்னீருல்லா வருது!” என்று முதல் நாள் பெண்கள் சிரித்தார்கள். பொத்தையில் ஏறிய பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. புதிதாகப் படுக்கிறவர்கள் குறைந்தார்கள். கோமுவின் குழிவிழுந்த கண்கள் மேலே வந்தன.

சின்ன மாமாவுக்குத்தான் ஆகவில்லை. தோணி சேரிக் குடிசைகளைத் தாண்டித்தான் எங்கள் பக்கம் வந்தது. ஊர்ப் பெரிய பண்ணை அவர். நாலு ஆட்களோடு வந்து நின்றார்.

“ஏ நர்ஸம்மா, அவங்க தொட்ட மிச்சத்தையா நாங்க குடிக்கணும்? தோணியைத் திருப்பு.”

“தோணியை யாரும் தொடல அண்ணாச்சி. தக்கையைப் புடுங்கிக் குடத்துல புடிக்காவ. மேட்டுல அவங்க, பள்ளத்துல நீங்க. நான் என்ன செய்ய?”

“எங்களுக்குத்தான் மொதத் தண்ணி வரணும்.”

“அப்போ மேல ஏறிக் குடிசையைப் போடுங்க. காத்து அடிக்காத எடம்னு பள்ளத்தை வளைச்சுப் புடிச்சது நீங்கதான?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருடைய ஆளே ஒருவன் துண்டால் வாயைப் பொத்தினான். சந்தனமரி, நீ சொன்ன நியாயத்தை அவர் பொறுத்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை அவர் கடப்பாரையோடு மேலே போவதைப் பார்த்தேன். பின்னால் ஆட்கள். தோணியைப் பெயர்க்கப் போகிறார்கள், பெயர்ப்பதற்குள் ஒரு குடம் பிடித்துவிட வேண்டும் என்று கடைசித் தக்கைக்கு ஓடினேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று. இடுப்பில் கோமு தண்ணீர் தண்ணீர் என்று அலறிக்கொண்டிருந்தாள். என் மாமியார் பக்கத்தில் செம்போடு நின்றார்கள்.

தண்ணீர் நூலாக வந்தது. நல்ல சிவப்பாக வந்தது.

“இன்னைக்கு மருந்து கூடிப்போச்சு போலுக்கே” என்றார்கள் அத்தை.

“கூடுனா நல்லதுதான் அத்தை” என்றேன். சொல்லிக்கொண்டே ஒரு கை ஏந்திக் கோமுவின் வாயில் விட்டேன்.

குடித்தாள். ஒரு வாய் உள்ளே போயிற்று. அடுத்ததைத் துப்பிவிட்டு முகத்தைக் கோணினாள். தினமும் மருந்துத் தண்ணீரை மறுக்காமல் குடிக்கிற பிள்ளை ஏன் துப்புகிறாள் என்று அவள் உதட்டைத் துடைத்து அந்த விரலை என் நாக்கில் வைத்தேன். துவர்க்கவில்லை. உப்புக் கரித்தது.

எனக்குப் புரிந்த கணத்தில் மேலேயிருந்து சுடலையின் ஓலம் கேட்டது. “கொன்னுட்டாவளே! அம்மையைக் கொன்னுட்டாவளே!” அதற்குப் பிறகுதான் சேரி ஆண்கள் மேலே ஓடினார்கள். அதற்குப் பிறகுதான் கல் பறந்தது. இந்த வரிசையை நீ கவனி. இதை வைத்துத்தான் வழக்கே நிற்கிறது.

நான் ஏறி வரும்போது பொத்தை முழுக்க அடிதடி. ஒருவனைக் கமலைக் கயிற்றால் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கிழிந்த காதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாடுகள் மிரண்டு நுகத்தோடு பாறையில் உருண்டு கால் முறிந்து கிடந்தன. நீ கல்தொட்டியின் மேல் குப்புற விழுந்து கிடந்தாய். உன் பின்மண்டை இருந்த இடத்தில் என் உள்ளங்கை அமிழ்ந்தது. மருந்துப் புட்டி மூடி திறக்காமல் உன் மடியிலேயே இருந்தது.

உன்னைப் புரட்டினேன். கண்ணைத் திறந்தாய். யார் என்று கேட்டேன், சந்தனமரி, யார் என்றுதான் கேட்டேன்.

“ஏட்டி, தண்ணியை அடை. கீழ யாரும் குடிக்கப்படாது.”

அவ்வளவுதான். நீ அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். மிச்சமிருந்த ஒரு மூச்சைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். உன்னிடம் இதற்காக எவ்வளவு நாள் சண்டை பிடித்திருக்கிறேன் தெரியுமா, மனதுக்குள்ளேயே?

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாதே, அதைச் சொல்கிறேன். அன்று பொழுது சாயும் முன் தோணிகளை வெட்டிப் போட்டார்கள். சேரிக் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். காற்று திரும்பி எங்கள் பக்கமும் எரிந்தது. கிணறு தீட்டுப்பட்டுவிட்டது, யாரும் தொடக்கூடாது என்றார் சின்ன மாமா. மறுபடியும் சனம் வெள்ளத்தில் குடம் முக்கியது. மறுபடியும் வாந்தி. போலீஸ் வள்ளம் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகும் ஆண்கள் அந்தத் தீட்டைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

சுடலையின் மனைவி மாடத்தி என் குடிசைக்கு வந்தாள். எரிந்த கையில் பச்சிலை வைத்துக் கட்டியிருந்தது. “நாச்சியாரே, அடைக்கத் தெரியுமா ஒங்களுக்கு? அந்த அம்மை கீலைக் காச்சும்போது நீங்கதான கூட நின்னிய?” என்றாள். கோமுவை முதுகில் கட்டிக்கொண்டு போனேன். வெட்டுப்பட்டதில் தேறியதைப் பொறுக்கிப் பொருத்தினோம். கல்தொட்டியை மணல் போட்டு நான் ஒருத்தியே தேய்த்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. மாடு இல்லை, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்களே கமலைச் சரிவில் இறங்கினோம். தோல் உரிந்தது.

என் கொழுந்தன் வழியில் வந்து மறித்தான். “மதினி, மானம் போவுது. கயித்தை விடுங்க.”

“விட்டா தோல்பையி கெணத்துல விழும். பெறகு நீ எறங்கி எடுப்பியா?” என்றேன்.

அவன் என் கூந்தலைப் பிடித்தான். நான் கயிற்றை விடவில்லை. மாடத்தி கீல் காய்ச்சிய சட்டிக்கு அடியிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவி அவன் புறங்கையில் வைத்தாள். அவன் கத்தியது கீழே வெள்ளம் வரைக்கும் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மருந்தை நான் கலந்தேன், நீ கலந்த அளவுக்கே. கடைசித் தக்கையில் அத்தை முதலில் பிடித்துக் குடித்தார்கள். குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்து, “துவர்க்குது” என்றார்கள். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் குடித்தார்கள். வெள்ளம் வடிந்து ஊருக்கு இறங்கும் வரை அந்தத் தோணிதான் எங்களை உயிரோடு வைத்திருந்தது.

இப்போது கோர்ட்டு. சின்ன மாமாவின் வக்கீல் சொல்வது இதுதான்: நர்ஸ் செத்தது சேரிக்காரர்கள் எறிந்த கல்லால். முதலில் கலகம், அதில்தான் சாவு. காலையில் தண்ணீர் சிவந்து வந்ததா? தினமும்தானே வந்தது, அது மருந்து. சுடலை சொன்னால் சேரிக்காரன் பொய் சொல்கிறான் என்பார்கள். கல் பறப்பதற்கு முன்னால் வந்தது ரத்தம்தான் என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்தி.

தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருப்பதால் வெள்ளத்தின்போது எங்களோடு இல்லாத என் வீட்டுக்காரர் நேற்று முன்தினம் என் முன்னால் வந்து உட்கார்ந்து அழுதார். “சிவகாமி, நீ சொல்லு. நான் வேண்டாங்கலை. ஆனா கோமு குடிச்சதை மட்டும் சொல்லிராத. பிள்ளை வாழ வேண்டாமா?”

“அப்போ நான் ஏன் வெரலை வாயில வச்சேன்னு கேப்பாவளே அத்தான். தெனமும் வர மருந்துத் தண்ணியை அன்னைக்கு மட்டும் ஏன் ருசி பாத்தேன்னு கேட்டா என்ன சொல்ல?”

உள்ளேயிருந்து அத்தைதான் பேசினார்கள். “சாட்சிக்குப் போறவ போவட்டும். பிள்ளையை இங்கன விட்டுட்டுப் போவட்டும். பெறகு அவ வந்தா பாப்போம்.” பொத்தையில் முதல் வாய் குடித்துக் காட்டியவர்கள்தான். செத்தவள் ரத்தத்தைக் குடித்த பிள்ளை என்று ஊர் சொன்னால் நாளைக்கு யார் இவளைக் கட்டுவார்கள், எந்த வீட்டில் இலை போடுவார்கள் என்கிறார்கள். அந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லையா? என் பிள்ளையைப் பார்த்து ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துக்கொள்வதை நான் பார்க்க நேருமே. என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டால்? கோமு உள்ளேயிருந்து கூப்பிட்டால்?

அதனால்தான் இதை நம் பெண்கள் மாதப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அனுப்பினால் இந்த வாரமே அச்சாகும் என்று, முன்பே கேட்டு எழுதியதற்குப் பதில் வந்துவிட்டது. படிக்கிற சகோதரிகளே, இப்போது உங்களுக்குத் தெரியும். இனி என் வீட்டில் யாரும் மறைக்கச் சொல்லி என்னிடம் அழ வேண்டியதில்லை. எனக்கே கூண்டில் நடுக்கம் வந்தாலும் நான் மாற்றிச் சொல்ல வழியில்லை.

சந்தனமரி, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். கோமுவை விட்டுவிட்டுப் போகமாட்டேன். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் கூண்டில் ஏறுவேன். ஜட்ஜ் துரை என்ன ருசி என்று கேட்பார். உப்பு என்று சொல்வேன். எப்படித் தெரியும் என்று வக்கீல் கேட்பார். இதோ இவள் குடித்தாள், இவள் வாயிலிருந்து தெரியும் என்று எல்லாரும் பார்க்க அவள் முகத்தைத் திருப்பிக் காட்டுவேன்.

உன் கூடப்பிறவாத தங்கை, கோமுவைப் பெற்றவள்,
சிவகாமி