செங்கல் மேல் ஏற்றாத அம்பாசடர்

மாப்ள, இன்று காலை தார்ப்பாயை விலக்கியதும் எலி மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால் கெட்டுப்போன பெட்ரோல் வாடை. உன் அத்தாவின் அம்பாசடர். நீ குவைத்துக்குப் போகும்போது, குன்னத்தில் எங்கள் கொல்லைக் கொட்டகையில் என்னை நம்பி விட்டுவிட்டுப் போன வண்டி. நான்கு டயரும் தரையோடு சப்பிக் கிடந்தன.

போய் இறங்கிய வாரமே நீ போனில் பேசி அனுப்பியது எனக்கு மனப்பாடம். "ரெண்டு வருசம் நிக்கப்போற வண்டிடா. பேட்டரிய கழட்டு. பெட்ரோல வடிச்சுடு. பிளக்க கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு ஸ்பூன் ஆயில் உடு. செங்கல் அடுக்கி, சக்கரம் தரையில படாம ஏத்து. தார்ப்பாய இறுக்கி மூடாத, காத்து போவட்டும்." கடைசியில் சிரித்தாய். "காலேஜத்தான் பாதியில உட்ட. இதையாவது முழுசா செய்டா."

அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. பேட்டரியை மட்டும் கழற்றினேன். மழை வரும்போல இருந்தது. தார்ப்பாயைத் தரை வரை இழுத்து, ஓரத்தில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். பத்தடி தள்ளி, அறுவடையைச் சேமித்து வைக்கும் பட்டறையில் சின்ன வெங்காயம் கிடந்தது. அடியில் காற்று போகவேண்டும் என்று கல் வைத்து, மூங்கில் பரப்பி, அதன்மேல்தான் கொட்டியிருந்தோம். வெங்காயத்தை அப்படி மூடினால் அழுகிவிடும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வெங்காயத்துக்குப் பார்த்ததை உன் காருக்குப் பார்க்கவில்லை.

நீ மறுபடி கூப்பிட்டபோது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

"கல்லு மேல ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்டா."

"போட்டோ அனுப்பு."

"நெட்டு இல்ல மாப்ள. சும்மா நொய்நொய்ங்காத."

அப்புறம் நீ கேட்கவே இல்லை. நானும் திறந்து பார்க்கவில்லை. போன வருடம் ஒருநாள் காலை, அறையில் எழுப்பியபோது நீ எழுந்திருக்கவில்லை என்றார்கள். அங்கேயே அடக்கம். மண் போடுவதைப் போனில்தான் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது.

இன்று உன் அம்மா லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்கள். அதற்காகத்தான் தார்ப்பாயை எடுத்தேன். "வெலைக்குக் கேக்குறாங்க தம்பி, நான் குடுக்க மாட்டேன். பேரன் பெரியவனாயி ஓட்டட்டும். அதுவரைக்கும் பத்திரமா வெச்சுக் குடு" என்றவர்கள், டயரைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"கல்லு மேல ஏத்தி வெச்சிருக்கான், கவலப்படாதம்மான்னு எம்புள்ள சொன்னானே?"

"நேத்துதாம்மா எறக்குனேன். உங்களுக்குக் காட்டலாம்னு."

அப்புறம் அவர்கள் எதிரிலேயே, நீ சொன்ன எல்லாவற்றையும் இன்றுதான் செய்தேன், மாப்ள. ஒன்றையும் விடவில்லை. பெட்ரோல் கஷாயம் மாதிரி வடிந்தது. பிளக் ஓட்டைகளில் ஆயில் விட்டேன். ஜாக்கி போட்டு, நாலு மூலையிலும் செங்கல் அடுக்கி ஏற்றினேன். பிறகு இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை முன்பக்கம் செருகிச் சுற்றினேன். அசையவில்லை. அதன்மேல் ஏறி நின்று மிதித்தேன். இன்ஜின் உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டது. பிணத்தைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் அதுவரை வேலை செய்திருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு அது புரியவில்லை. பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"ஓடுமா தம்பி?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஓடும்மா. எப்ப வேணாலும் ஓடும்."

"அல்லா உன்ன நல்லா வெக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கையெல்லாம் கிரீஸ். அவர்கள் விடவில்லை.

உன் மகனுக்கு இப்போது மூன்று வயது. அவன் வளர்ந்து சாவி கேட்டு வரும்வரை, இந்தப் பொய்யை நான்தான் கெடாமல் வைத்திருக்கவேண்டும்.