ஆற்றுக்கு அந்தக் கரையில் கோப்லி

1953 ஏப்ரல் 14
காலையில் பீர் பீப்பாய்கள் வந்தன. கூடவே வயிற்றெரிச்சலும். பக்கத்து ஊர் தோர்ன்விக்கில் பாதியை வாங்கிய ஹேவரெல், ஆற்றுக்கு அப்பால் கோப்லிக்காரர்கள் நாங்கள் கிரிக்கெட் ஆடும் பொதுப் புல்வெளியைக் கம்பி போட்டு அடைத்துவிட்டார். "ஆறுதான் எல்லை, மிஸஸ் டாலி. அந்தக் கரை என்னோடது" என்கிறார். பாதிரியாரும் தலையாட்டுகிறார். ஜூன் ஆட்டத்தை எங்கே வைப்பது? என் மதுக்கடைக்குள்ளா?

ஏப்ரல் 17
துணி காயப்போடும்போது பார்த்தேன். புல்வெளிக்கும் அப்பால் வில்லோ மரங்கள் வளைந்து வரிசையாக நிற்கின்றன. தண்ணீரோரம் வளரும் மரம். அங்கே தண்ணீர் ஏது? அப்படியானால் ஆறு முன்பு அங்கேதான் ஓடியதா? — ஐயோ, என் தலை முட்டிய கல்லும் அங்கேதானே!

சின்ன வயதில் ஊரே எல்லையைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு எல்லைக் கல்லிலும் ஒரு பையனைத் தலைகீழாகப் பிடித்து முட்ட வைப்பார்கள், சாகும்வரை இடம் மறக்கக் கூடாதென்று. பெண்ணுக்குக் கிடையாதா என்று அழுது அடம்பிடித்து நான் வாங்கிய முட்டு அது. போர் வந்ததும் நடை நின்றுபோயிற்று. ஊர் மறந்துவிட்டது.

ஏப்ரல் 18
கணவர் வில்ஃபிடம் சொன்னேன்.
"உன் மண்டைய நம்பியா சர்வே அதிகாரியக் கூப்பிடப் போறே?"
"உங்க மண்டைய நம்பினா அதவிட மோசம்."
அன்றே அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். கடிதத்துக்குத் தபால்தலையை ஒட்டியது அவர்தான்.

மே 6
அதிகாரி பாஸ்க் ரப்பர் பூட்ஸோடு வந்தார். ஊர் முழுக்கப் பின்னால். "எந்தப் புதர்னு ஞாபகம் இருக்கா?" என்று ஹேவரெல் சிரித்தார். கல் இல்லாவிட்டால் யார் முகத்தில் முழிப்பேன்?

கடைசி வில்லோவின் அடியில் முள்ளை வெட்டச் சொன்னேன். மண்வெட்டி ணங்கென்றது. கல்தான். இந்தப் பக்கம் கோப்லியின் முதலெழுத்து, அந்தப் பக்கம் தோர்ன்விக்குடையது. பாஸ்க் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தார். "ஏதோ பழைய வெள்ளத்துல ஆறு இடம் மாறியிருக்கு. எல்லை மாறல. வேலியப் பிரிச்சிடுங்க, சார்."

அழுதுவிட்டேன். பாதிரியார் கைக்குட்டை தந்தார். வேண்டுமென்றே மூக்கையும் சிந்தினேன்.

மே 9
வேலி போயிற்று.

ஜூன் 20
தோர்ன்விக்குடன் ஆட்டம். நான்தான் அம்பயர். அவர்களுக்கு ஓர் ஆள் குறைய, ஹேவரெலே மட்டையோடு வந்தார். அதற்கும் தைரியம் வேண்டும், இல்லையா? முதல் பந்தே காலில் பட்டது, நடு ஸ்டம்புக்கு நேராக. ஊரே கத்திவிட்டு என்னைப் பார்த்தது. அவரும் பார்த்தார்.

"என்ன சொல்றீங்க, மிஸஸ் டாலி?"

அவசரப்படாமல் விரலைத் தூக்கினேன்.