ஒரு முகவரிக்கு ஓர் ஆட்சேபனை

செவ்வாய். காலையிலிருந்து தூறல்.

நான்தான் சொன்னேன். “எழுதிக் குடுங்க, கணக்குல எடுப்பாங்க” என்று. ஞாயிற்றுக்கிழமை, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் வாசலில் நின்று, என் வாயால்.

பதுளை நகர மையம் நடைபாதையாகப்போகிறது. மரம், பெஞ்சு, விளக்கு. வரைபடத்தில் அழகு. தோட்டத்து பஸ்கள் இனிச் சந்தையடியில் நிற்காது, பாலத்துக்கு அப்பால்தான். விற்க லீக்ஸ், மரக்கறி மூட்டையோடு இறங்குகிறவர்கள் மேட்டில் நடக்க வேண்டும்.

தோட்டத்திலிருந்து நாற்பத்தொரு ஆட்சேபனைப் படிவங்கள். இன்று எங்கள் திட்ட அலுவலகக் கணினியில் ஏற்றினேன். மொத்தம் காட்டியது: 1.

புதன். மூடுபனி.

லயத்தில் வீட்டுக்கு இலக்கம் இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வரும். எல்லோரும் அந்த முகவரியையே எழுதியிருக்கிறார்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நானும் அதைத்தான் எழுதினேன். படிவத்தை நீட்டும்போது ஏன் தோன்றவில்லை?

சி. சேரிடம் போனேன். என் மேலதிகாரி, யாழ்ப்பாணம். கெட்டவர் இல்லை.

“முகவரி ஒண்டெண்டால் ஆட்சேபனையும் ஒண்டுதான், பிள்ளை. விதியை நான் எழுதேல்லை.”

“நாப்பத்தொரு பேர், சேர்.”

“நாளைக்கு ஆட்சேபனைக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்கோவன். வந்தால் தலையை எண்ணத்தானே வேணும்.”

நாளை வேலை நாள். அவருக்கும் தெரியும்.

வாங்க வேண்டியவை: தலைவலிக்குப் பனடோல், குடை (பழையதில் கம்பி போய்விட்டது), சவர்க்காரம்.

மாலை, செல்லம்மா அக்காவுக்கு போன். லயம் லயமாக ஏறிப் படிவம் சேர்த்தவர்.

“நாப்பத்தொரு பேரும் ஒரே ஆளா? அப்ப அந்த ஆளுக்கு எம்பத்திரெண்டு காலுல்ல. பாலத்துலருந்து சும்மா நடந்துருவான்னு சொல்லு!”

சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

“கொழுந்து எடுக்காம எல்லாரும் வந்தா கணக்கப்புள்ள விடுவாரா? நீதானே அங்க இருக்க. நீயே சொல்லேன் புள்ள.”

என் ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. நீட்டித்துக் கையெழுத்திட வேண்டியவர் சி. சேர். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பதும் எப்படி?

வியாழன். வெயில்.

மண்டபத்தில் கடைக்காரர்கள், அதிகாரிகள், தேநீர். மடுல்சீமையிலிருந்து ஒருவரும் இல்லை. என் வேலை தொகுப்பை வாசிப்பது. தாளில் ஒரு வரி: “பஸ் தரிப்பிடம் தொடர்பாக ஆட்சேபனை ஒன்று.”

சேர் ‘வாசியுங்கோ’ என்பதுபோல் தலையசைத்தார்.

தாளை மடித்துவிட்டுப் படிவக் கட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு பெயராக. சேர் குனிந்து தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது பெயரில் பின்வரிசையிலிருந்து ஒரு கடைக்காரர்:

“இன்னும் எத்தனை பேரும்மா இருக்காங்க?”

“இருபத்தொன்பது” என்றேன். அடுத்த பெயரை வாசித்தேன்.