சுவரில் ஒட்டிய படம்

அன்புள்ள அப்பாவுக்கு, செண்பகம் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? கொஞ்ச நாளைக்குச் சாரம் ஏறாதீர்கள். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது, அதனால் ஊருக்கு வரும் மாரிச்செல்வியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கம்பெனி ஹாஸ்டலில் ஓவியப் பயிற்சி நடந்தது. பனியன் துணியில் பசையும் சுண்ணாம்புப் பொடியும் குழைத்துப் பூசி, நூலும் பட்டனும் பதித்து, மேடு பள்ளமாகப் படம் செய்தோம். என் படம் வார்டன் ஜெயசுதா அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"நல்லாருக்குது கண்ணு. உங்க ரூம் செவுத்துல கீறல் உட்டிருக்குதுல்ல, அது மேல ஒட்டீரு. லட்சணமா இருக்கும்" என்றார். என் கட்டிலுக்கு மேலேதான் அந்தக் கீறல். பசை தடவி அழுத்தி ஒட்டினேன்.

புதன்கிழமை படத்தின் பூச்சு, அடியில் கீறல் போகும் வழியிலேயே, நடுவில் பிளந்திருந்தது. காய்ந்து வெடித்ததாம், அக்கா சொல்கிறார். ஆனால் தினமும் பனியன் துணி தைக்கிறவளுக்குத் தெரியாதா? ஒட்டும்போது தளர்வாக இருந்த துணி, இரண்டு பக்கமும் யாரோ பிடித்து இழுப்பதுபோல் இப்போது விறைத்து நிற்கிறது. எங்கள் அறைக்கு மேல்மாடியில் இருக்கும் இன்னொரு யூனிட்டில் மிஷின் ஓடும்போது தொட்டால் துடிக்கிறது.

நீங்கள் கொத்தனார், கேட்டால் சிரிப்பீர்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் ஒரு கீறல், அவ்வளவுதான்.

மாரிச்செல்வி திரும்பும்போது எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். இல்லை, வேண்டாம். அம்மாவுக்கு முடியவில்லை என்று யார் போனிலிருந்தாவது கம்பெனிக்குப் பேசி என்னைக் கூப்பிடுங்களேன். சும்மா கேட்டால் விடமாட்டார்கள்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன் ஹார்ன் அடிக்கிறது. காலையிலிருந்து எங்கள் அறைக் கதவு சாத்த வரவில்லை, நிலையில் இடிக்கிறது. திறந்தபடியே விட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

உங்கள் மகள்,
செண்பகம்